கட்டைவிரலுக்குக் கண் இல்லை

புது மோட்டாரை எடுத்த அன்று
கடைக்காரர் பூன் லியோங் எல்லாம் காட்டினார்:
எண்ணெய் மூடி, இருக்கைக்கு அடியில் சின்ன விளக்கு,
வேகம் சொல்லும் நீலத் திரை.
ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.
ஹார்ன் இருந்த இடத்தில் இப்போது சிக்னல்.
சிக்னல் இருந்த இடத்தில் ஹார்ன்.
ஒரு விரற்கடை தூரம்.
அவ்வளவுதான் மாற்றம்.

பழைய மோட்டார் பதினோரு வருடம் ஓடியது.
ஜெலுத்தோங்கில் சோற்றுப் பொட்டலம்,
ஆயர் ஈத்தாமில் மருந்துப் பை,
மழையில் யாருடையதோ பிறந்தநாள் கேக்.
வளைவு வரும் முன்பே
இடது கட்டைவிரல் தானாக நகரும்,
தூக்கத்தில் கொசு அடிக்கும் கை மாதிரி,
என்னைக் கேட்காது.

டத்தோ கெராமாட் சாலைத் திருப்பத்தில்
'இடப்பக்கம் போகிறேன்' என்று
அடக்கமாகச் சொல்லப் பார்த்தேன்.
பாம் என்றது வண்டி.
முன்னால் போன மாது
கண்ணாடியில் என்னை முறைத்துவிட்டு
வேண்டுமென்றே மெதுவாகப் போனார்.

பத்து லஞ்சாங்கில் ஒரு சாவு வீடு.
சாலை வரை கூடாரம்.
ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன்.
பாம்.
பறை அடித்தவர்கூட ஒரு தாளம் நிறுத்தினார்.

பர்மா சாலையில்
போலிஸ்காரர் கை காட்டினார்.
"எனக்கு எதற்கு ஹார்ன்?"
"சுவிட்ச் இடம் மாறிப்போச்சு, துவான்."
என் கைப்பிடியைக் குனிந்து பார்த்தார்.
தன் மோட்டாரையும் ஒரு தடவை பார்த்தார்.
"எங்களுக்கும் அடுத்த மாசம் புதுசு வருதாம்"
என்றவர் முகத்தில்
முதல்முறையாகக் கவலை.

குளிரூட்டிய அறையில் யாரோ
இதுதான் கைக்கு வசதி என்று
முடிவு செய்திருப்பார்.
அவரிடம் நல்ல காரணம் இருந்திருக்கும்.
என்னிடம் பதினோரு வருடம் இருந்தது.

மனைவி கோமதவல்லி
நகச்சாயம் கொண்டுவந்து
சிக்னல் சுவிட்சில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.
"இனிமேல் பார்த்து அமுக்குங்க."
பார்த்தேன். பார்த்த நேரத்தில்
சாலையைப் பார்க்கவில்லை.
விரலுக்கோ கண் இல்லை.

வேண்டும்போது ஹார்ன் வராததுதான் கொடுமை.
குளுகோரில் ஐஸ் லோரி ஒன்று
என்னைப் பார்க்காமல் பின்னால் வந்தது.
பலம் கொண்ட மட்டும் அமுக்கினேன்.
டிக், டிக், டிக் என்று
மஞ்சள் விளக்கு பணிவாகக் கண்ணடித்தது.
வாயே ஹார்ன் ஆனது:
ஓய், ஐயோ, தோலோங்.
லோரி நின்றது.
நகச்சாயத்தின் மேல் வேர்வை.

ஒரே ஒருவருக்குத்தான் சந்தோஷம்.
ஜெலுத்தோங் முனையில்
சாதிக்காய்ச் சாறு விற்கும் கிழவர்.
தினமும் அவர் கடை ஓரம்தான் திரும்புவேன்.
தினமும் பாம்.
வணக்கம் வைக்கிறேன் என்று நினைத்துக்
கரண்டியைத் தூக்கி ஆட்டுவார்.
நானும் கை ஆட்டுவேன்,
வேறென்ன செய்ய?

எப்போது பழகியது, தெரியாது.
விழா எதுவும் நடக்கவில்லை.
ஒரு புதன்கிழமை, இரண்டு பொட்டலமும் ஒரு தேநீரும்
தொங்கவிட்டுப் போகையில்
திருப்பத்தில் விளக்கு மட்டும் மின்னியது.
சத்தமே இல்லை.
கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.
கரண்டி பாதி வழியில் நின்றது.
மறுநாள் சாறு வாங்கப் போனபோது கேட்டார்:
"கோபமா?"

சிவப்புப் பொட்டும் தேய்ந்துபோயிருந்தது.
விரல் கற்றபின் அழிந்ததா,
அழிந்ததால் கற்றதா,
கோமதவல்லிக்கும் தெரியவில்லை.

போன வாரம் டயர் வெடித்தது.
சத்தியசீலனின் பழைய மோட்டாரை இரவல் வாங்கினேன்.
அதே பழைய கைப்பிடி, அதே பழைய சுவிட்ச்,
என் பதினோரு வருடம் அப்படியே இருந்தது.
வீட்டுக்கு வந்த மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.
முதல் திருப்பம்.

பாம்.