கீரைத்துறையில் ஒரு மனுவார்

கீரைத்துறையில் துறை கிடையாது.
அறுவை மில்கள் உண்டு, லாரிகள் உண்டு,
மரத்தூள் படிந்து நரைத்த ஓர் அரசு உண்டு.
அதன் எதிரே மின்விசிறிக்குக் கீழே
பதினோரு வருஷமாய் ரசீது எழுதுகிறேன்.

ரம்பத்தின் குரல்கள் எனக்குத் தெரியும்.
பச்சை மரத்துக்கு ஒன்று, ஆணிக்கு ஒன்று.
வியாழக்கிழமை கேட்டது எதிலும் சேராதது:
அலறிக்கொண்டே வந்து
சட்டென்று வாயை மூடிக்கொண்டு
மறுபடி அலறிற்று.

தவசி பலகைகளைப் பிரித்துப் போட்டான்.
இரண்டிலும் பாதிப் பாதியாய்
நெல்லிக்காய் அகலத்தில் ஈயம்,
அறுத்த முகம் பளபளவென்று.

இடித்த பஞ்சுக் கிட்டங்கியின் உத்தரம் அது.
கூடவே வந்த பத்திர நகலை
அபூபக்கர் ராவுத்தர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார்:
"மேற்படி விட்டம் ஒன்பதும்
பாரில் உடைந்த மனுவார் ஏலத்தில் எடுத்தது."
"மனுவார் எந்த ஊர்க்காரர்?" என்றான் தவசி.
"ஆளில்லடா. சண்டைக் கப்பல்."

இதுவரை காகிதம்.
இனி நான் கூட்டிப் போட்டது.

மேகமலை முகட்டுக்குச் சற்று அந்தப் பக்கம்
நின்றிருக்கும் இந்தத் தேக்கு.
இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் வைகை,
கடலைப் பார்ப்பதே அபூர்வமான ஆறு;
ஏதாவதொரு வீட்டுத் தூணாகி முடிந்திருக்கும்.
சாய்ந்தது பெரியாற்றில்.
மலையைக் குடைந்து அதை நம் பக்கம் திருப்ப
இன்னும் காலம் கிடந்தது.
கொச்சிக் கரையில் வளைத்து இழைத்து
இருபத்திரண்டு பீரங்கிக்குக் கீழே படுக்கவைத்தார்கள்.

யார் கொடி? பத்திரம் சொல்லவில்லை.
கொடி இரண்டு முறை மாறியிருக்கும்.
பலகை இடுக்கில் சணல் திணித்துக்
கலபத்து அடித்தவன் மாறியிருக்கமாட்டான்.
ஒரு நாள் யாரையோ தேடி வந்த குண்டு
மரத்தைக் கண்டு நின்றுகொண்டது.
அவன்தான் ஆப்பு அடித்துக் கீல் பூசினான்.
வேறு வேலை இருந்தது அவனுக்கு.

சண்டையில் சாகவில்லை அந்தக் கப்பல்.
கார்த்திகை வாடையில்
கீழக்கரைக்குத் தெற்கே பாரில் ஏறிற்று.
அங்கே ஆழமில்லை என்று
சங்கு குளிக்கிற எவனும் சொல்லியிருப்பான்;
எவனையும் கேட்கவில்லை.
பாரம் குறையட்டும் என்று பீரங்கிகளைத் தள்ளினார்கள்.
முதலில் சின்னது. பிறகு எல்லாம்.
எழவில்லை.
மூன்றாம் நாள் ஏரா முறிந்த சத்தம்
கரையில் வலை உலர்த்தியவர்களுக்குக் கேட்டிருக்கும்.

விட்டம் ஒன்பது என்று எண்ணி எழுதியிருக்கிறது.
ஆட்களை எண்ணவில்லை.

பிறகு மாட்டுவண்டி.
பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம்,
வற்றிய வைகையோரமாக
ஒரு போர்க்கப்பல் துண்டுதுண்டாய்
நீரோட்டத்துக்கு எதிரே மேற்கே வந்தது,
நீரோட்டம் இல்லாத மாதத்தில்.

மேல்தளத்து அலை வழிந்தோட
நடுவில் லேசாய் உயர்த்திய மரம்.
கோணல் என்று நினைத்த கொத்தனார்
சுண்ணாம்பு வைத்துச் சமன் செய்திருந்தார்.
அதன் கீழே பஞ்சுப் பொதிகள்,
வேட்டியாய்ப் போனது, மெத்தையாய்ப் போனது,
பாயாக ஒரு முழமும் போனதாய்த் தெரியவில்லை.

ஆனையூர் வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.
"குண்டு பட்ட மரம் வாசல் நிலைக்கு ஆகுமா?"
"இருநூறு வருஷம் தாங்கின மரம்ங்க,
உங்க வீட்டைத் தாங்காதா?" என்றார் ராவுத்தர்,
சதுர அடிக்கு இருபது ரூபாய் குறைத்தார்.
தவசி உளியால் ஈயத்தை நோண்டி எடுத்தான்.
குழியில் ஆப்பு அடித்தான், பசை விட்டான், இழைத்தான்.
அவனுக்கும் வேறு வேலை இருந்தது.

ரசீது எழுதினேன்:
பழைய தேக்கு. நிலை ஒன்று. ஜன்னல் சட்டம் ஆறு.
அறுப்புக் கூலி தனி.

ஈயத்தைத் தவசி கேட்டான்.
அவன் வீச்சுவலையில் மணி குறைந்திருந்தது.
உருக்கி ஐந்தாக்கி அடிக்கயிற்றில் கோத்து
ஞாயிற்றுக்கிழமை விடியலில்
வண்டியூர்க் கண்மாயில் வீசியிருக்கிறான்.
விரிந்து விழுந்ததாம், நேரே தரைக்கு.

திங்களன்று பையில் சுற்றி
ஜிலேபிக் கெண்டை அரைக் கிலோ என் மேஜையில் வைத்தான்.
கணக்கில் ஏற்றவில்லை.