இரண்டாம் பயனர்

செம்புக் கம்பியைப் பனி அறுத்துப் போட்ட பிறகு
அந்த வீட்டுக்குச் செல்போன் பெட்டி வைத்தவன் டார்சி.
சமையலறையில் சிக்னல் இல்லை. கூடத்தில் ஒரு கோடு.
மாடிப்படி முடியும் இடத்து ஜன்னலில்
வின்னிபெக் ஏரியைப் பார்த்தபடி இரண்டு கோடு.
போதுமென்று அங்கேயே ஆணியடித்துவிட்டான்.
வேலைச் சீட்டின் அடியில் அவன் கிறுக்கல்:
"பயனர் இரண்டின் எண்ணை அழிக்கக் கூடாதாம்."

நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை.
எனக்கு அது 4417.
மூன்று இலக்கத்துக்கு மேல் பேசாது.
130 என்றால் திருடன். 110 என்றால் தீ.
தினமும் பின்னிரவு மூன்று பன்னிரண்டுக்கு 602:
இருக்கிறேன், அவ்வளவுதான்.
சரி இரு, என்று ஆறிய காபியை உறிஞ்சுவேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
11.40க்கு 301, மின்சாரம் போயிற்று.
1.25க்கு 159, குளிர்.
இனிக் குழாய்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும்.
பேட்டரியும் தீர்ந்தால்
வெடித்ததைச் சொல்லக்கூட நா இருக்காது.

அழைக்க வேண்டியவர்கள் மூன்று பேர்.
வீட்டுக்காரி சிக்ரூன்: போன் அணைந்திருந்தது.
(முழங்கால் அறுவைக்கு நகரத்தில் படுத்திருந்தாள்
என்பது காலையில்தான் தெரியும்.)
பக்கத்துப் பண்ணை ஹல்டோர்: அடித்து அடித்து ஓய்ந்தது.
மூன்றாவதற்குப் பெயரே இல்லை, வெறும் எண்,
பக்கத்தில் ஒரு சொல்: "எடுக்கமாட்டான்".

எடுக்கவில்லை.
பீப் ஒலிக்குப் பின்
எல்லாருக்கும் வாசிக்கும் அட்டையையே வாசித்தேன்:
"உங்கள் வீட்டில் வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது."

உங்கள் வீட்டில்.
அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

3.12க்கு 602 வந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல.
4.02க்கு 401.
முறையாகத் திறந்தது, பயனர் இரண்டு.

விதிப்படி இது அபாயமில்லை.
சரியான எண்ணை அழுத்தி உள்ளே வருபவரைப் பற்றி
யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது.
திரையில் ஒரு பச்சை வரி. மற்ற வீடுகள்
அதை மேலே தள்ளிக்கொண்டே போயின,
நான் இழுத்து இழுத்துக் கீழே வைத்துக்கொண்டேன்.

5.36க்குக் குளிர் நீங்கியது.
மின்சாரம் இன்னும் வரவில்லை.
அப்படியென்றால் விறகு.
இருட்டில் விறகு எங்கே இருக்கும் என்று
தெரிந்த கை.

6.50க்கு மறுபடி 401. பூட்டியது, பயனர் இரண்டு.

ஒன்பது மணிக்கு சிக்ரூன் அழைத்தாள், மயக்க மருந்து
இன்னும் நாக்கில் ஒட்டியிருந்தது.
வரிசையாக வாசித்துக் காட்டினேன்.
"யார் திறந்தது?"
"பயனர் இரண்டு."
இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.
இல்லை, தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுப் போனது,
யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டே முக்கால் மணி நேரம்
இருந்திருக்கான்," என்றாள்.

திரையைப் பார்த்தேன்.
"மேலே இன்னும் மூன்று நிமிடம்," என்றேன்.