ராத்து ரம்புட்

சனிக்கிழமை, பத்தேகால்.
லுனாஸில் மழை. டிவியில் ராத்து ரம்புட்.

ஊதாக் கூந்தல், ஏழு மாடி நீளம்.
ஒரு பின்னலால் பேங்க் கதவைப் பிடுங்குவாள்,
மறு பின்னலால் தே தாரேக் ஆற்றுவாள்.
பேசுவது மலாய்.
சிரிப்பு மட்டும் எங்கள் கணக்கு டீச்சருடையது.

எனக்கு மொட்டை.
அப்பாவுக்கு லோரி பெர்மிட் கிடைக்கவேண்டுமென்று
தைப்பூசத்தில் கொடுத்த முடி.
பெர்மிட் உங்களுக்கு, முடி ஏன் என்னோடது?
"உன்னோடதுதான் லோஷினி நீளம்."

சந்தனம் காய்ந்து செதில் செதிலாய் உதிர்கிறது.
சர்வின் ரிமோட்டை என் மண்டையில் தேய்த்து
சேனல் மாறுகிறதா என்று பார்க்கிறான்.

பத்தரைக்குள் பிடித்துவிடுவார்கள்.
ஐந்து ஹீரோக்கள், ஒரே ஒரு கத்தரிக்கோல்.
வெட்டியதும் சுருங்கிப்போய்
போலீஸ் வண்டியில் ஜன்னலோரம் உட்காருவாள்,
சம்பளம் வராத கடைப்பெண் மாதிரி.

சர்வின் கைதட்டுகிறான்.
நான் திரையின் கீழ்மூலையையே பார்க்கிறேன்.
அறுந்த ஊதாக் கற்றை அங்கேயே கிடக்கிறது.
அதை யாரும் கைது செய்யவில்லை.

என்னுடையதைப் பெயிண்ட் வாளியில் அள்ளிப் போனார்கள்.
எங்கே என்று கேட்டதற்கு
"சாமிகிட்ட" என்றார் பார்பர்,
சாமி இருக்கும் பக்கம் பார்க்காமல்.

ராத்திரி செம்பனை லோரிகள் வீட்டை உலுக்கிப் போகின்றன.
இந்நேரம் வாளியை விட்டு இறங்கியிருக்கும்.
செம்பனை வரிசைக்குள் நெளிந்து நெளிந்து
பெர்மிட் ஆபீஸ் பூட்டைச் சுற்றி
மெல்ல
இறுக்கிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை போன் வந்தது.
"கிடைச்சிருச்சு!"
அப்பா முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் தொப்பிக்குள் கைவிட்டுத் தடவினேன்.
ரம்புத்தான் தோல்போல
குத்தியது.