சமதரை

கேள்வித்தாளில் பதினோராவது:
படியேறச் சிரமமா?
ஒருபோதும் இல்லை, சில நேரம், எப்போதும்.
எர்சிலியா சிரித்தாள்.
முகம் அசையவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.
நர்சுக்கு அது சிரிப்பென்று தெரியாது.

வால்பரைசோவில் எங்கள் வீட்டுக்கு நூற்று அறுபத்திரண்டு படி.
ஆடு மாதிரி ஏறுவாள்.
விழுந்துவிடுவாள் என்று பயந்து
மகன் பார்த்துக் கொடுத்த வீடு முழுக்கச் சமதரை.
இங்கேதான் அடுக்களை வாசலில்
கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.
மாத்திரை வேலைசெய்ய இன்னும் இருபது நிமிடம்.
பால் பொங்கி வழிய, பார்த்தபடி நின்றாள்.

நேற்று சாக்பீஸால் கோடு கிழித்தேன்,
அடிக்கு ஒன்றாய், கூடம் முழுக்க.
தாண்டித் தாண்டி வந்தாள்.
நடுவில் ஒரு கோட்டை மட்டும்
சுற்றிக்கொண்டு போனாள்.
ஏன் என்றேன்.
உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்:
"இந்தப் படியில்
மெயாதோ வீட்டு நாய் படுத்திருக்கும்."