அழிக்கவும்

தம்பெரேயில், பல் மருத்துவர் ஒருவரின் பரணில்
கிடைத்தது கேசட்.
உறைமேல் பென்சிலில்:
ஆர்மஸ் கிவெலா, பேட்டி. அழிக்கவும்.

முதல் கேள்விக்குப் பதில்
ஆப்பிள் கடிபடும் சத்தம்.
இரண்டாவதற்கு, விதை துப்பும் சத்தம்.
ஐலா விடவில்லை:
"கூட்டத்துக்கு ஏன் முதுகு காட்டுகிறீர்கள்?"

அந்த முதுகை வைத்து
இரண்டு முனைவர் பட்டம் வாங்கியாயிற்று இந்த ஊரில்.
சட்டையைப் பின்முன்னாகப் போட்டு
அலைந்தது ஒரு தலைமுறை.

நாடா இரைகிறது.
வெளியே யாரோ பனி வாருகிறார்கள்.
"தௌனோவுக்குக் காது போய் மூணு வருஷமாச்சு.
என் வாயைப் பார்த்துத்தான் டிரம்ஸ் அடிக்கிறான்.
இதப் போட்டுடாதே."

ஆர்மஸ் இப்போது இல்லை.
தௌனோ சந்தையில் சாவி வெட்டுகிறார்.
நேற்று எனக்கும் ஒன்று வெட்டித் தந்தார்,
என் உதட்டைப் பார்த்தபடி.