பார்வை நேரம்

திங்கட்கிழமை என்றால் வரைபடம்.
வால்திவியாவில் மழை. சன்னலுக்குக் கீழே ஆறு.
மீன்சந்தைப் படியோரம் கடல்சிங்கங்கள்
வெட்டியெறிந்த தலைகளுக்குச் சண்டை பிடிக்கின்றன.
ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் நான்
போன வாரம் எங்கள் இணையதளத்துக்கு
யார் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

யார் என்பது ஒருநாளும் தெரியாது.
எத்தனை பேர், எங்கிருந்து, எவ்வளவு நேரம்,
கிடைப்பது அவ்வளவுதான்.
எங்கிருந்து என்பதும் பாதிப் பொய்.
கொரால் துறையில் வலை உதறுகிறவனின் கைப்பேசியையும்
ஃபுத்ரோனோவில் பசு மேய்ப்பவளின் கைப்பேசியையும்
கணக்கு சந்தியாகோ என்றே எழுதுகிறது;
தொலைபேசி நிறுவனத்தின் கம்பி அங்கே போய்த்தான் கரையேறுகிறதாம்.
எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெருநகரம்
எங்கள் நோயாளிகளுக்காக இரவெல்லாம் விழித்திருப்பதுபோல.
இதற்கிடையே எங்கிருந்தோ ஓர் இயந்திரம்
தினமும் வந்து எல்லாப் பக்கத்தையும் தொட்டுவிட்டுப் போகும்.
உடம்புக்கு முடியாமல் அதற்கு யாரும் இல்லை.

எலியேசர் திரையில் விரல் வைக்கிறார்.
"இந்தப் பக்கம் மோசம், யஸ்னா.
பதினோரு நொடியில் ஓடிவிடுகிறார்கள்."
அது அவசரப் பிரிவின் தொலைபேசி எண்.
ஓடத்தானே வேண்டும், என்றேன்.
"இதைப் பார், அருமை!
ஒருவர் நாற்பத்தேழு நிமிடம் இருந்திருக்கிறார்."
அது, செயற்கைச் சுவாசத்தை நிறுத்தும் முன்
குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்.
எட்டுப் பத்தி. எழுத்துக்கூட்டிப் படித்தாலும் ஆறு நிமிடம்.
மிச்சம் நாற்பத்தொன்றை எந்தக் கட்டத்தில் போடுவது?
அவர் அதற்குப் பச்சை பூசினார்.

வியாழன் விடியுமுன் இரண்டு நாற்பதுக்கு
ஒரு பழைய கைப்பேசி.
திரையில் கீறல் இருந்தது, அது நானாகச் சேர்த்தது.
பார்வை நேரம். பேருந்து வழி. பார்வை நேரம்.
தீவிர சிகிச்சை. பார்வை நேரம்.
பார்வை நேரம்.
ஞாயிறு மதியம் அதே கைப்பேசி
கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் என்ற பக்கத்தில் நுழைந்து
வெளியேறியது. பிறகு வரவில்லை.
பிறப்பைப் பதியவும் ஆவணம் கேட்போம்,
பிணவறையிலும் கேட்போம்,
இரண்டும் அந்த ஒரே பக்கத்தில்.
பிறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.
அன்றே பக்கத்தை இரண்டாக்கினேன்.
குழந்தைக்காக வந்தவர் மற்றதைப் பார்க்க வேண்டாம்.
மற்றதற்காக வந்தவர்
தொட்டில் படத்தைப் பார்க்கவே வேண்டாம்.

மாதக் கடைசியில்தான் ஒன்று உறைத்தது.
பார்வை நேரத்துக்கு நாளொன்றுக்கு அறுபத்தொரு பார்வை
எங்கள் கட்டடத்தின் சொந்த வைஃபையிலிருந்தே.
ஊழியர்கள் என்று நான் ஒதுக்கிவைத்த எண்.
வார்டு எப்போது திறக்கும் என்பதை
எந்த ஊழியர் தேடிப் படிக்கிறார்?
படியிறங்கிப் போனேன்.

இரண்டாம் மாடி. சாத்திய கதவு.
அதன் முன்னே ஈரக்கோட்டுகளில் பதினான்கு பேர்.
தலை குனிந்து, கட்டைவிரல் நகர்த்தி,
கண்ணெதிரே இருக்கும் கதவு எப்போது திறக்கும் என்று
மாடியிலிருந்த என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தர் மடியில் மாற்றுடுப்புப் பை, காலடியில் தெர்மாஸ்.
ஒரு பெண் கைப்பேசியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்,
சிக்னல் எட்டவில்லை:
நான் எண்ணியே இருக்க முடியாத அறுபத்திரண்டாவது.

ஒரு தாள், தடித்த பேனா.
நர்ஸ் நோல்ஃபாவிடம் கேட்டு வாங்கிய ஒட்டுநாடா.
இரண்டிலிருந்து நான்கு வரை.
ஞாயிறு என்றால் காலை பத்துக்கும் உண்டு.

அடுத்த திங்கள். மழை விடவில்லை.
அறுபத்தொன்று ஐந்தாகியிருந்தது.
எலியேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
"இத்தனை பேரைத் தொலைத்துவிட்டோமே,
எங்கே போனார்கள்?"

உள்ளே, என்றேன்.