உடன் வந்தோர்

மடத்துக் கதவு ஒன்பதுக்குச் சாத்திவிடுவார்கள்.
எட்டே முக்காலுக்கு நுழைந்தேன்,
செருப்பெல்லாம் எண்ணூர் சாலைக் கரி.

கணக்கர் கங்காதரம் ஏட்டைத் திறந்தார்.
பெயர், ஊர், ஆதார், கைபேசி.
எதற்கு வந்தீர்கள் என்ற கட்டத்தில் மட்டும்
கேட்காமலே மூன்று புள்ளி வைத்தார்.
நாளை பௌர்ணமி, வேறெதற்கு வருவார்கள்:
காலையில் மேலூர், உச்சிக்கு இந்த ஊர்,
விளக்கு வைக்கையில் முல்லைவாயில்.
"தனியாவா?"
தனியாகத்தான்.
'உடன் வந்தோர்' என்ற இடத்தில்
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

ஆடியில் அந்த இடத்தில் பரிமளா இருந்தாள்.
மின்விசிறிக்குக் கீழே அவள் பாய்,
சுவரோரம் என் பாய்.
தங்கைகளுக்குத்தான் எப்போதும் மின்விசிறி.
ஆவணியில் தெரிந்தது
அரக்கோணத்து வீட்டை அவள் ஒற்றிக்கு வைத்தது.
என் பங்குச் சுவர், என் பங்குக் கிணறு,
கறிவேப்பிலைச் செடி உட்பட.
பத்திரத்தில் என் கையெழுத்தும் இருந்தது.
அத்தனை அழகாக நான் ஒருநாளும் போட்டதில்லை.

இதை ஒற்றியூரில் வந்து யாரிடம் சொல்ல?
ஊரே ஒற்றியில் இருக்கிறது.
மீட்க எவரும் வந்ததாகத் தெரியவில்லை.

"ஆடியிலே கொடுத்த அதே நம்பர்தான்" என்றேன்.
சரிபார்க்கப் பின்னால் புரட்டினார்.
ஆடிக்குப் போகும் வழியில்
புரட்டாசி குறுக்கிட்டது.
பரிமளா, அரக்கோணம்.
உடன் வந்தோர்: குணவதி (அக்கா).

"நான் வரலையே."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.
"ஒருத்தர்தான் வந்தாங்க. எழுதுங்கன்னாங்க, எழுதினேன்.
பாய் ரெண்டு வாங்கிட்டுப் போனாங்க.
பந்தியிலே பக்கத்து இலையிலே
யாரையும் உட்கார விடலை."

எனக்கு ஒரு பாய் போதும் என்றேன்.
அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

இரவுக்கு ரவை உப்புமா.
தொட்டுக்கொள்ள ஏதுமில்லை,
கேட்டால் சர்க்கரை உண்டு.
முற்றத்தில் ஒரு கன்டெய்னர் டிரைவர்.
துறைமுக வரிசை இரண்டு நாளாய் நகரவில்லையாம்.
ஊர் பேர் கேட்டதற்கு வண்டி எண்ணைச் சொல்லிவிட்டு
லுங்கியைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.
தம்பிரான் தொலைபேசியில் யாரையோ கெஞ்சினார்:
"ரெண்டு சிலிண்டர்னு முந்தாநாளே சொன்னேனே ஐயா."
வெளியே லாரிகள் அடங்கும் இடைவெளிகளில்
கடல், பாறாங்கல்லில் மோதுகிற கடல்.

தூங்கவில்லை.
மின்விசிறிக்குக் கீழே இடம் காலியாகத்தான் கிடந்தது.
நெல்லூர்ப் பெண்ணொருத்தி தள்ளிப் படுக்கச் சொல்லி
சைகை காட்டினாள்.
நான் சுவரோரமே இருந்தேன்.
கோபமா, பழக்கமா,
அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்குத் தம்பிரான் கதவைத் தட்டினார்.
"கை சும்மா இருக்கிறவங்க வாங்க."
மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்து அரிவாள்மணை, நாற்பது பூசணி,
உச்சிக்கு ஆயிரம் பேராம்.
என் பூசணி கோணலாகத்தான் பிளந்தது.
பரிமளா என்றால் ஒரே அளவில் நறுக்குவாள்,
எதையும் அச்சாகச் செய்கிற கை அவளுக்கு.
அதை நினைத்துச் சிரித்துவிட்டேன்,
பிறகு சிரித்ததற்காக எரிச்சல் பட்டேன்.
விதையை ஒதுக்கிவைக்கச் சொன்னார்.
ஒதுக்கினேன்.

கிளம்பும்போது ஏடு திறந்தே கிடந்தது.
கங்காதரம் பல் துலக்கப் போயிருந்தார்.
பேனா நூலில் கட்டியிருந்தது.
ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டின் மேல்
எழுத இடமிருந்தது.
கையில் பூசணிப் பிசுக்கு.

மீஞ்சூர் வண்டியில் நடத்துநர் வந்தார்.
"எத்தனை?"
பெண்களுக்குக் காசில்லாத சீட்டு,
இரண்டு கேட்டாலும் அவருக்கு நட்டமில்லை.
ஒன்று என்றேன்.
கிழித்துக் கொடுத்து அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.
நீட்டிய கையை
மடக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்
வெகுதூரம்.